தலைவர் பேரில் ஒரு கிளினிக்

மனு டைப் அடிக்கிற தொழிலில் விரலுக்கு முன்னால் பொறுமைதான் தேயும். ஆபீஸ் பெஞ்சில் காத்துக் கிடந்த உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

பேர் கேட்டால்

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், தானா ராத்தா என்ற மலையூரில் ஒரு கடையோரம் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து லோரி நிறைய ஆள் வந்து இறங்கினார்கள். புதிதாகக் கட்டும் அரசாங்கக் கிளினிக்குக்கு, காலமாகிவிட்ட தங்கள் சங்கத் தலைவர் பேரை வைக்கவேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சிகள் மலை இறங்குவதற்குள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆபீஸ் ஆபீஸாக நடந்து அந்தக் கிளினிக்கை வாங்கித் தந்தவர் அவர். நியாயம்தான். முழுப்பேர் என்ன என்றேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். கங்காணி மட்டும் சாவகாசமாகச் சொன்னார்: "தலைவர்னே போடு லா, கவர்மெண்டுக்குத் தெரியும்."

முந்தானை முடிச்சு

பின்னால் நின்ற தலைவரின் மனைவி அஞ்சலையம்மா முன்னே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தலைவருடைய மரணப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்களில் ஒருத்தர். "நீங்களே வாசிச்சுக்குங்க தம்பி, எனக்கு வாயில வராது."

சத்தியம்

பேர் வைக்கும் தீர்மானம் வரவேண்டிய சட்டமன்றம் கூடுவதற்கு ஒரு வாரம் இருந்தது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று அஞ்சலையம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்; துணைக்கு நானும் போனேன். கைநாட்டுக்காரர் என்பதால், புருஷன் பேரைச் சொல்லி வாயால் சத்தியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் தீர்மானம் தள்ளிப்போகும். அதற்குள் வேறொரு பெரிய மனுஷர் பேர் வந்து உட்கார்ந்துவிடும். அதை அம்மாவிடம் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மலாய்க்கார அதிகாரி நல்ல மனுஷர், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா தாலியில்லாத கழுத்தைத் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மெல்லச் சொன்னார்: "முனியாண்டி. வீராசாமி மவன் முனியாண்டி."

வெளியே வந்து, சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் அழுதார்.

பஸ்ஸில்

தீர்மானம் நிறைவேறி, போர்டும் ஏறியது. பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்தையே முனியாண்டி என்றுதான் கூவினார்கள். ஒருநாள் இனிப்புநீர் வியாதிக்கு கிளினிக்கில் மருந்து வாங்க அம்மா நான் போன பஸ்ஸில் ஏறினார். எங்கே என்று கண்டக்டர் கேட்டான். அம்மா சில்லறையை நீட்டினார்: "எங்க வீட்டுக்காரருகிட்ட எறக்கி விடுப்பா."

அந்தப் பேர் இன்று ஊரில் எல்லார் வாயிலும் இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோய் வைத்த வாயைத் தவிர.