யார் பற்றவைத்த அடுப்பு

துபாயில் நான் சமைக்கும் ஓட்டலில் யூதர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு என்றால், அவர்களுடைய குருவான ரபி வந்துதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நேற்று அவர் வரத் தாமதம். இருட்டினால் அவர்களுடைய சாமி நாள் தொடங்கிவிடும், அப்புறம் சமைக்கக் கூடாதே என்று நானே பற்றவைத்துச் சோறு வடித்துவிட்டேன்.

வந்தவர், "இது எங்களுக்கு ஆகாது" என்று பானையோடு ஒதுக்கிவிட்டார்.

அரிசி அதே அரிசி, தீ அதே தீ! வீணாகும் சோற்றின் ஆவி முகத்தில் அடித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயதில், அவர் வைத்த அம்மன் கோயில் பொங்கலை, படைக்குமுன் ஒரு விரல் வழித்து நக்கிவிட்டேன். அப்பா மொத்தத்தையும் மாட்டுத்தொட்டியில் கொட்டினார்.

"ஒரு விரல்தானேப்பா!"

"ஆத்தாளுக்கு எச்சிலையாடா வைக்கச் சொல்ற?"

பசியோடு நின்ற சனம் என்னைத் திட்டித் தீர்த்தது. அப்பா மறுபடி குளித்து, ஈரவேட்டியோடு அரிசி களைந்தார்.

ரபி கடிகாரம் பார்த்தார். "இருட்ட ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. விடுங்கள், ரொட்டி போதும்."

எனக்கு எரிச்சலில் தமிழே வந்துவிட்டது. "சும்மா இருங்க சார்! சாமி நாளும் அதுவுமா சனங்க சோறில்லாம உக்காரணுமா?"

வேறு பானையில் அரிசியைக் களைந்து போட்டேன். லைட்டரை அவர் கையில் திணித்தேன்.

"யல்லா, சீக்கிரம் பத்தவைங்க!"