கொங்கிறீட்டில் இறுக்கிய லேத்

அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளைப் புரட்டியே ஓய்வுபெற்ற எனக்கு இரும்பு கடையும் லேத் மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்முனையில் படகு எஞ்சின் திருத்தும் கடை ஒன்றை மூடியபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன லேத் ஒன்றை வாங்கி வந்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். நான் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடிப் போனேன்.

மண்ணெண்ணெய் பூசிக் கம்பிப் புருசால் தேய்த்து இரும்பின் நிறத்தைப் பார்ப்பதற்குள் ஒரு நோன்பு மாதம் போய்விட்டது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றும்போது என் வாயில் வந்தவை நோன்பாளி பேசும் வார்த்தைகள் அல்ல. மா அரைக்கும் மெசினின் பழைய மோட்டரைப் பூட்டினேன். வெட்டும் அலகை நடுமட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டு, கடைந்த துண்டின் நடுவில் ஏன் பயறளவு குமிழ் மிஞ்சுகிறது என்று வீடியோக்களில் தேடித் திரிந்தேன்.

அது சரிவந்த பிறகும் கடைந்த கம்பி ஒரு முனையில் தடித்தே வந்தது. கடற்கரை மணலில் போட்ட தரை, பாரத்துக்கு ஒரு பக்கம் இறங்கி மெசினைக் கோணலாக்கியிருந்தது. மேசனைக் கூப்பிட்டு, அறையின் தரையை உடைத்து ஆழமாகக் கொங்கிறீட் போட்டு, அதில் பெரிய போல்ட்டுகளைப் புதைத்து மெசினை இறுக்கினேன்.

"இது மகள்ட வீடெண்டு தெரியும்தானே? இப்பிடிப் பூட்டினா நாளைக்கு எப்பிடிக் கழட்டுற?" என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் கலியாணமானால் மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நாங்கள்தான். இதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, மாமாவும் மாமியும் பின்வளவுக்கு ஒதுங்கியதைப் பார்த்தவன் நான். ஆனாலும் மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் இன்னும் காலம் கிடக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

காலம் கிடக்கவில்லை. மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா லேத் இருந்த அறையில் நின்று, "இதுக்கு ஏசி போட்டா நல்லா இரிக்கும்" என்றார்.

"ஓம், இத எடுத்திருவம்" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் பின்வளவில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் எழும்பிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவேயில்லை. வேலையை மனைவிதான் கவனித்தாள். அங்கே மெசினுக்கு இடமிருக்காது என்று எனக்கு நானே முடிவுகட்டி, பழைய இரும்பு எடுப்பவரை வரச்சொன்னேன். போல்ட்டுகளைக் கிரைண்டரால் அறுத்தேன். அழுகை வந்தது, தூசு என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் இரும்புக்காரர் கேற்றடிக்கு வந்தார். மனைவி அவரிடம் ஏதோ கதைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாள்.

குசினிச் சுவர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு வெளியே, கூரைக்குக் கீழ், ஈரம் காயாத புதுக் கொங்கிறீட் மேடை. அதில் போல்ட்டுகள் நிமிர்ந்து நின்றன.

"குசினியச் சுருக்கச் சொன்னன். ரெண்டு பேருக்கு எவ்வளவு சமைக்கப் போறம்?"

நான் குனிந்து போல்ட்டுகளின் இடைவெளியைச் சாணால் அளந்தேன்.

"நல்லா இறுக்கிப் பூட்டுங்க," என்றாள். "இது ஆருக்கும் எழுதிக் குடுக்கிற வீடில்ல."