மாமா வாங்கிய லேசான கேமராக்கள்

அக்காவைக் கட்டிக்கொடுத்ததில் எங்கள் வீட்டுக்கு என்ன லாபமோ தெரியாது, எனக்குக் கிடைத்த லாபம் மாமாதான். அக்கா வீட்டுக்காரர். கடலூர் செம்மண்டலத்தில் வீடு, பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் பறவை. நான் சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். நான் பைக்கோடு நிற்பேன். கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போவோம். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் நான் கடலூர்ப் பக்கம் போவேன், பெருமாள் ஏரிக்கு. வெயில் ஏறியதும் திரும்பி, ஏதாவது ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் எடுத்த படங்களைப் பார்த்துச் சண்டை போடுவோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை இவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மாமாவிடம் எல்லாரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. புது லென்ஸ் என்று எங்காவது சேதி வந்துவிட்டால் மனிதருக்குத் தூக்கம் போய்விடும். பாடப் புத்தகத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார். வந்த சாமானைச் சோதிப்பதற்கு அவரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் படம் காக்கைதான். காக்கையின் கறுப்புக்குள் இறகு இறகாகத் தெரிந்தால் லென்ஸ் தேறியது, வெறும் கறுப்பாகத் தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டியது. அதற்காக அக்கா காம்பவுண்டுச் சுவரில் சோறு வைப்பாள். அமாவாசைக்குக்கூட இத்தனை பக்தியாக வைத்ததில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பல வருஷம் ஆசைப்பட்டு அவர் வாங்கிய பெரிய லென்ஸ் ஒன்று இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பீரங்கி. அதைத் தூக்கினால் எனக்கு ரொம்ப நேரம் தாங்காது. மாமா டிரைபாட் இல்லாமல் வெறுங்கையில் பிடிப்பார். மூன்று காலையும் விரித்து நிறுத்துவதற்குள் பறவை ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்பார். பறக்கிற ஆலாப் பறவையைப் பீரங்கியில் பிடித்து அப்படியே உடம்பைத் திருப்பிக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வாத்தியாராகவே தெரியமாட்டார். எனக்குப் பொறாமையாக இருக்கும், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு பனிக்காலத்தில் பெருமாள் ஏரிக் கரையில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே திரும்பியது. நான் படமாக அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் சத்தம் இல்லையே என்று பார்த்தால், மாமா பீரங்கியை இறக்கித் தொடைமேல் வைத்திருந்தார்.

"வெயிட்டு ஜாஸ்தியா இருக்குது மச்சான்," என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. வயசாகுது மாமா, தொப்பையைத் தூக்கிக்கொண்டு லென்ஸையும் தூக்க முடியுமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்குப் பீரங்கி பாதி நேரம் என் கையில்தான் இருந்தது. நான் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் படங்கள் ஆடத் தொடங்கின. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல், அலகு இரண்டாகத் தெரியும். லென்ஸில் ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று மாமா முடிவு கட்டினார். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை டிரைபாடில் நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாகத் தெளிவாக விழுந்தது. அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. சென்னைக்குச் சர்வீஸுக்கு அனுப்பினார். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குத் தொழிலே தெரியாது என்று திட்டினார், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். கடைசியில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்குப் பீரங்கியை விற்றுவிட்டார்.

அடுத்து மிரர்லெஸ் கேமரா வந்தது. உள்ளே கண்ணாடி கிடையாது, உடம்பு சின்னது, லேசு. காக்கைச் சோதனையில் தேறியது. மாமா ஊருக்கெல்லாம் போன் போட்டு அதன் பெருமையைச் சொன்னார். ஆனால் அவர் பேச்சு மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு லென்ஸைப் பற்றிப் பேசினால் படம் எவ்வளவு துல்லியம் என்பதுதான் பேச்சு. இப்போது எடை மட்டும்தான். பழையதைவிட எத்தனை கிராம் குறைவு, எந்தக் கம்பெனி இன்னும் லேசாகச் செய்கிறது, இதே பேச்சு. அது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது இதுவும் மாமாவின் ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கேமராவும் கொஞ்ச மாதத்தில் கனத்தது. அதைவிடச் சின்ன லென்ஸ் வந்தது. பிறகு ஒற்றைக் கால் மோனோபாட். பிறகு ஒரு நாள், சுற்றுலா வருகிறவர்கள் கழுத்தில் மாட்டியிருப்பார்களே, லென்ஸ் கழற்ற முடியாத சின்ன கேமரா, அதை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அந்த மாதிரிக் கேமராவை அவர் மாதிரி கேலி செய்த ஆளை நான் பார்த்ததில்லை. அடுத்து செல்போன்தானா மாமா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டினார். மூடி இறுக்கம் போல என்று திறந்து கொடுத்தேன். ஓட்டலில் இட்லிக்கு ஸ்பூன் கேட்டார். கை கழுவச் சோம்பேறித்தனமா என்றேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருந்தது.

விடியும்போதே ஏரிக்குப் போக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை செம்மண்டலத்திலேயே தங்கினேன். காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தபோது மாமா நின்றுகொண்டிருந்தார், அக்கா அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். புது மாப்பிள்ளைக்கு அலங்காரம் நடக்கிறதா என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கடைசிப் பட்டனையும் போட்டுவிட்டு, காலரைச் சரி செய்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"லென்சு வெயிட்டுன்னீங்க, சரின்னேன். கேமரா வெயிட்டுன்னீங்க, அதுக்கும் சரின்னேன். சட்ட பட்டன் கூடவாங்க வெயிட்டு?"

மாமா தரையில் இருந்த கேமராப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கையை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றி, அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் அன்றைக்கு ஏரிக்குப் போகவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். தசைக்குள் ஊசியை இறக்கி என்னென்னவோ சோதித்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, கைக்கு அப்புறம் கால், கழுத்து, பேச்சு, மூச்சு என்று போகும், கண்ணும் காதும் புத்தியும் அப்படியே இருக்கும், நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார். தொட்டால் தெரியும், வலித்தால் தெரியும், அசைக்கத்தான் முடியாது என்றும் சொன்னார். பிறகு, இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"பெரிய லென்ச விக்கறதுக்கு முன்னாடியிலேருந்தே இருக்குது சார்," என்றார் மாமா.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அக்காவுக்கும் புரிந்தது. வாடகைக் காரில் திரும்பி வந்தோம். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அக்கா கேட்டாள். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"லேசா ஒண்ணு வாங்குனா சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஊருக்கே பாடம் சொல்கிற மனிதர் இப்படியா நினைப்பார் என்று ஆத்திரம். ஆனால் கேமரா தூக்குகிற நாங்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். படம் ஆடினால் லென்ஸைச் சந்தேகப்படுவோம், பேட்டரியைச் சந்தேகப்படுவோம், காற்றைக்கூடச் சந்தேகப்படுவோம். கையைச் சந்தேகப்பட எங்களுக்குத் தோன்றாது. புதுசாக ஒன்று வாங்கினால் தீராத குறை ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருவனும் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. பஸ் போய், அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அவரைக் கூட்டி வரத் தொடங்கினாள். கேமராவை மணல் மூட்டைமேல் வைத்து, ஒயரில் தொங்கும் ஷட்டர் பட்டனை அவர் கையில் கொடுத்தோம். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்றினோம். அப்புறம் செல்போனை அவர் மடியில் வைத்து, திரையைத் தொட்டால் கேமரா எடுக்கிற மாதிரி செய்தேன். நான் கேலியாகச் சொன்ன செல்போன் கடைசியில் வந்தேவிட்டது. ஒரு நாள் விரல் திரைவரைக்கும் போனது, அழுத்தவில்லை.

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு. அது எங்களுக்கு ஒத்து வரவில்லை. அவர் வாயிலிருந்து வார்த்தை வந்து, அது என் காதில் விழுந்து, என் விரல் அசைவதற்குள் பறவை போயிருக்கும். அவர் எரிந்து விழுவார், நானும் பதிலுக்கு எரிந்து விழுவேன். தன் படத்தை அவர் அதுவரை இன்னொரு விரலுக்கு விட்டதில்லை. அந்த ஒரு நொடியைத் தானே பிடிப்பதுதான் அவருக்குப் படம் எடுப்பது, மற்றதெல்லாம் சுமை தூக்குவது. ஒரு நாள், ஒன் படத்த நீயே எடு மச்சான், நான் பாத்துக்கினு இருக்கேன் என்று சொல்லிவிட்டார். அத்தோடு மாமா படம் எடுப்பது முடிந்தது என்று நினைத்தேன்.

பிச்சாவரத்துக்கு அவர் கடைசியாக வந்தது மழை ஓய்ந்த பிறகு ஒரு தை மாதக் காலையில். அடுத்த மழைக்கு அவர் இல்லை. அக்காவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, ஏறினால் தலை சுற்றும். அதனால் அவள் கரையில் தங்கினாள். நானும் படகுக்காரரும் மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்து, நாற்காலியைக் கயிற்றால் கட்டினோம். தலை சாயாமலிருக்கக் கழுத்தில் பட்டை. அக்கா அவர் கைகால்களுக்குக் கொசு மருந்து தடவிவிட்டாள், கண் எரியும் என்று முகத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

சின்ன வாய்க்கால் ஒன்றுக்குள் போனோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீரில் இறங்கியிருக்கும், மேலே கிளைகள் சேர்ந்து வெயிலை மறைத்திருக்கும். படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றித் திரும்பினேன். மாமாவின் கண்கள் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றன. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். கருந்தலை மீன்கொத்தி. எத்தனையோ பனிக்காலம் அது எங்களுக்குத் தூரத்து நீலப் புள்ளியாகவே இருந்தது. அன்றைக்கு ஒரு வேர்மேல், படகுக்கு அத்தனை பக்கத்தில், எங்களைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருந்தது.

நான் எடுத்தேன். அது குனிந்தது, தண்ணீரில் பாய்ந்தது, சின்ன நண்டு ஒன்றோடு அதே வேருக்குத் திரும்பியது, நண்டை வேரில் அடித்து அடித்து விழுங்கியது, தலையை எங்கள் பக்கம் திருப்பியது. படகுக்காரர் மூச்சு விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அது பறந்தது.

கிடைச்சிடுச்சு மாமா என்று சொல்லித் திரும்பினேன். அவர் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வயிறு உப்பிச் சிவந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இன்னொன்று. கன்னத்தில் ஏற்கெனவே தடிப்புகள். கேமராவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் துடைத்தேன். என் உள்ளங்கையெல்லாம் அவர் ரத்தம்.

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமே மாமா."

அவர் பேச்சு அப்போது குழறத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு மட்டும்தான் புரியும். மெதுவாகச் சொன்னார்.

"கூப்ட்டா பறந்துடும் மச்சான்."

படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தப் படகிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பழைய நாளாக இருந்தால் மாமா முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார். இப்போது, ஃபோகஸ் பறவையின் கண்ணில் விழுந்திருக்கிறதா பார் என்றார். கேமராவை எடுத்துப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீர், திரையில் ஒன்றும் தெரியவில்லை. சரியா இருக்குது மாமா என்றேன்.