அத்தையின் ஏச்சும் அப்பாவின் பாட்டும்

மலாக்காவில், காஜா பேராங் என்ற எங்கள் குடியிருப்பில், என் அப்பாவைக் கவிஞர் என்று ஒப்புக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவளுடைய நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் அப்பாவின் வெண்பா ஒன்று பத்திரிகையில் வந்தபோது, அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா, ஒட்டுவதற்குச் செலவான சோறுகூட இந்த வெண்பாவால் வந்ததில்லை என்று முணுமுணுப்பாள். அம்மாவுக்குக் கவிதை மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அடுப்பு அவள் பொறுப்பில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் காகிதம் இல்லாமல் போய், அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் அவர் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். குச்சியை வரிசை தப்பாமல் நட்டு, எட்ட நின்று பார்த்து, கோணலாக இருந்ததைப் பிடுங்கி மறுபடி நடுவார். மூன்று வேளையும் மரவள்ளிதான். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. என் தம்பிக்கு அரிசிச் சோறு இல்லாமல் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அமுக்கிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.

அத்தையின் கணவர், எனக்கு மாமா, மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற, ஆணி இறுக்குகிற வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் அந்தப் பாதையையே பெயர்த்து, சயாமில் புதுப் பாதை போடக் கொண்டுபோனான். பெயர்க்கத் தெரிந்தவனுக்குப் போடவும் தெரியும் என்று, மாமாவையும் தண்டவாளத்தோடு சேர்த்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போன ஆள் வீடு திரும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லாத அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மாமா ஊரில் இருந்தவரை அவர் முன்னால் அத்தை வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால் தலையாட்டுவாள். ரொம்பக் கேட்டால் இன்னும் கொஞ்சம் ஆட்டுவாள். அவர் போன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. மத்தியானத்தில் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து மரவள்ளி துருவும்போது, எதிரே மாமா குந்தியிருப்பதுபோல் அவரை ஏச ஆரம்பிப்பாள்.

“வெந்நி இல்லாம குளிக்கமாட்டீங்களே, அங்க எவ வச்சுக் குடுக்குறா? வேட்டிய எவ தொவைக்கிறா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கு வாய் வலிச்சதா? வாங்க. வந்து வாசல்ல நில்லுங்க. வரிசையா கேக்குறேன், பதில் சொல்லிட்டு உள்ள வாங்க.”

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சற்று நிறுத்துவாள். வந்த பதில் பிடிக்காதவள்போல் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்ததைக் கேட்பாள். நானும் தம்பியும் ஒளிந்து நின்று சிரிப்போம். அம்மா எங்கள் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போவாள். “அவ பேசட்டும் விடுங்க. அவ பேசுற வரைக்கும்தான் உங்க மாமா உசுரோட இருக்காரு,” என்பாள். இது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மத்தியானத்தில் கொல்லைப் பக்கம் போகாமல் இருந்தோம்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு செட்டிக்காரர் இருந்தார். அந்தக் கம்போங்கில் பாதிப் பேர், பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள்தான். எங்கள் சாமியைத்தான் அவர்களும் கும்பிட்டார்கள், விபூதி பூசினார்கள், பேசியது மட்டும் மலாய். இவர் பிடில் வாசிப்பவர். கப்பல் போக்குவரத்து நின்றதால் ஊர் திரும்ப முடியாமல் மலாக்காவில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ் நாடகக் கம்பெனி, டவுன் பக்கத்துத் திடலில் கொட்டகை போட்டிருந்தது. அவர்களுடைய ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் இறந்துபோக, அந்த இடத்துக்குப் பிடில்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாது. அவருக்குத் தெரிந்த ஜோகேட் என்னும் மலாய் ஆட்ட மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை வேண்டியிருந்தது. கவிஞர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கமே மரவள்ளி நட்டுக்கொண்டிருக்கும்போது வேறு எங்கே போய்த் தேடுவார்? பாட்டுக்கு அரிசி தருவதாகக் கம்பெனிக்காரர் சொல்லியனுப்பினார்.

அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூத்தாடிகளின் ஆட்டத்துக்குத் தாளம் போடவா தமிழ் படித்தேன் என்றார். அம்மா உள்ளே போனாள். தம்பியைத் தூக்கி வந்து, வீங்கிய காலோடு அவர் மடியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே அப்பா எழுத உட்கார்ந்தார்.

காகிதம் ஏது? சிமெண்டுத் தரையில் அடுப்புக்கரியால் எழுதினார். பிடில்காரர் வேலியைத் தாண்டி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பார். அப்பா எழுதியதைப் பாடிக் காட்டுவார். பாதி வரியிலேயே பிடில்காரர் வில்லை எடுத்துவிட்டு, “பெராட், பெராட்,” என்று தலையை ஆட்டுவார். கனமாக இருக்கிறதாம். அர்த்தம் தெரியாத மனிதர் தம் தமிழை எடைபோடுவது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வெண்பாவில் தளை தட்டக் கூடாது என்று மலாயில் அவருக்கு விளக்கப் பார்த்தார். தளைக்கு மலாயில் வார்த்தை கிடைக்காமல் கடைசியில் கயிறு என்றார். பிடில்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆடுகிறவன் காலில் கயிறு இருந்தால் விழுந்துவிடுவானே என்றார். அப்பா அன்று இரண்டு முறை தரையைக் கழுவினார்.

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. தரை சுத்தமானதைத் தவிர வேறு பலன் இல்லை. ஒரு மத்தியானம் அப்பா கரித்துண்டோடு கொல்லைக் கதவருகே உட்கார்ந்திருந்தார். வெளியே அத்தை துருவிக்கொண்டே வழக்கம்போல் மாமாவை ஏசிக்கொண்டிருந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுதி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெந்நி வச்சது எவளய்யா – ஒன்
வேட்டி தொவைப்பது எவளய்யா
வந்து நில்லய்யா வாசலிலே – நான்
வரிசையாக் கேக்கிறேன் பதில் சொல்லய்யா

பிடில்காரர் கேட்டுவிட்டு, “பாகுஸ்,” என்றார். பிரமாதமாம். அப்பாவின் முகத்தில் அச்சகம் மூடிய நாளிலிருந்து காணாமல்போன ஒரு வெளிச்சம் வந்தது. மோனை தானாக வந்து விழுந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வரிகளை ஒருமுறை கேட்டாள். “இது அவ பேசினது. நீங்க எங்க எழுதினீங்க?” என்றாள். “பேசினா பேச்சு. கட்டினாத்தானே பாட்டு,” என்றார் அப்பா. அத்தை மரியாதையாகச் சொன்ன ‘நில்லுங்க’ எங்கே என்று அம்மா கேட்டதற்கு, மெட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். அரிசி வந்தது. தம்பியின் கால் வற்ற ஆரம்பித்தது. 

அப்பாவை ஒரேயடியாகக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தங்கையின் துயரத்தை ஊர் கேட்டு உருகப்போகிறது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். மெதுவாக, இழுத்துப் பாட வேண்டும் என்று பிடில்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார். அத்தைக்கு எதையும் சொல்லாமல், தன் பாட்டு அரங்கேறுகிறது என்று மட்டும் சொல்லி, எங்கள் எல்லோரையும் அழைத்துப் போனார். அண்ணன் பாட்டு என்பதால் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஊரடங்குக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால் வெயில் தாழும்போதே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

பெண் வேஷம் கட்டிய ஒருவர், இடுப்பில் ஒரு கையும் அகப்பையில் ஒரு கையுமாக மேடைக்கு வந்தார். பிடில் துள்ளிக்கொண்டு கிளம்பியது. அவர் அகப்பையை நீட்டி, “வெந்நி வச்சது எவளய்யா” என்றதும் கொட்டகையே சிரித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். தமிழ் தெரியாத சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

நான் அத்தையைப் பார்த்தேன். முதல் வரியில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்பா மட்டும் தலை நிமிரவே இல்லை. திரும்பி வரும் வழியில், “தங்கச்சி, நான் இப்படிச் சொல்லல. மெதுவாப் பாடத்தான் சொன்னேன்,” என்றார்.

“நல்லாத்தாண்ணே இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்கல்ல,” என்றாள் அத்தை.

அந்தப் பாட்டு மலாக்காவைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து புதுப் படமோ இசைத்தட்டோ வராத காலம். ஊருக்கு வாய்த்த ஒரே புதுப் பாட்டு அதுதான். செமாபோக்கில் பாடினார்கள், புக்கிட் பாருவில் பாடினார்கள். மீன் விற்கிறவர் பாடினார். செட்டிப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே பாடிக்கொண்டு எங்கள் வேலியோரம் ஓடினார்கள். அப்பாவின் வெண்பாக்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தெருமுனை வரை போனதில்லை. இது அவர் பெயரைக் கூடச் சுமக்காமல் ஊர் ஊராகப் போயிற்று.

கொல்லைப் பக்கம் மட்டும் சத்தம் அடங்கிவிட்டது. அடுத்த மத்தியானம் அத்தை துருவ உட்கார்ந்து, பழக்கத்தில், “வெந்நி…” என்று ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த தம்பி, வற்றிய காலால் குதித்துக் குதித்து மீதி வரியைப் பாடி முடித்தான். அத்தை சிரித்து, அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு குனிந்து துருவினாள். அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அப்பா ஒருநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏதாவது பேசும்மா,” என்று கேட்டார். “என்னத்தண்ணே பேசுறது? எத எடுத்தாலும் மெட்டோட வருது,” என்றாள். கம்பெனிக்காரர் இன்னொரு பாட்டுக்கு இரட்டிப்பு அரிசி தருவதாகச் சொல்லியனுப்பியபோது, அப்பா, பாட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து மாமா வந்தார். வாசலில் நின்றவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தலைமுடி கொட்டியிருந்தது, முழங்காலுக்குக் கீழே புண் ஆறிய தழும்பு. அத்தை உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாகச் சேர்த்துவைத்த கேள்விகள்! நான் ஆவலாகக் காத்திருந்தேன். அத்தை அவரைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். “பசியாறுங்க,” என்றாள். உள்ளே போய்த் தட்டை எடுத்தாள்.

சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு மாமாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. அங்கே செத்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டைப் பற்றிச் சொன்னார். மலாக்காவிலிருந்து பின்னால் பிடித்து வந்த ஆட்கள் கொண்டுவந்த பாட்டாம். காய்ச்சலில் கிடப்பவன்கூட அதைக் கேட்டால் சிரிப்பானாம். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியே காட்டினார். “வந்து நில்லய்யா வாசலிலே” என்ற இடத்தில், நாங்கள் மேடையில் பார்த்த அதே வெட்டை, வலிக்கும் இடுப்பால் வெட்டினார்.

“எவன் எழுதினானோ, நல்லா இருக்கணும். அதுலதான் நாங்க சிரிச்சோம்,” என்றார். பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்தார். “நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்வேன், இப்படி ஒரு வாயாடி எனக்கு வாய்ச்சிருந்தா நான் திரும்பிப் போகவேமாட்டேன்யா, நல்லவேள, என் வீட்டுல இருக்கிறது வாயில்லாப் பூச்சின்னு. அத நெனச்சுக்கிட்டேதான் வந்து சேந்தேன்.”

எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த அப்பாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “மாப்ள, அந்தப் பாட்டு…” என்றார்.

“அண்ணே, சோறு ஆறுது. சாப்பிடுங்க,” என்றாள் அத்தை. என்னிடம் திரும்பி, “நீ போயி மாமாவுக்குக் கை கழுவத் தண்ணி மோந்துட்டு வா,” என்றாள். மாமா ஏற்கெனவே கை கழுவியிருந்தார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அந்த வார்த்தைகளை முதல் முறை அப்பா எடுத்துக்கொண்டார். இரண்டாம் முறை, அவர் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. சயாமில் மாமாவைச் சிரிக்கவைத்து உயிரோடு வைத்திருந்தவள் யாரோ ஒருத்தியாகவே இருந்துவிட்டாள். அதன்பின் அவர்கள் இருவரும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தார்கள். மாமா கேட்டார், அத்தை தலையாட்டினாள். இதையெல்லாம் நான் யோசிக்க ஆரம்பித்தபோது அப்பாவும் சேர்த்து மூவரும் உயிரோடு இல்லை. அன்று தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்தபோது அத்தை மாமாவின் எதிரே பேசாமல் குந்தியிருந்தாள். ஆள்தான் வந்துவிட்டாரே, இனிமேல் கேட்பதற்கு அத்தைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.