குளிர்ந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்த வயரிங் அக்கா

எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே தெருவிளக்கு. அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கலாம். அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில், என் லாரியை ஸ்டார்ட் செய்யப் போகும் நேரத்தில், வயரிங் அக்கா, "இங்க வெளிச்சம் பத்தாது தம்பி. தெருமுனைக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

எங்கள் தெரு சரிவானது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அக்காவும் என் மனைவியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். தெருமுனையில் விளக்கே கிடையாது. அக்கா வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வாசலை ஒட்டிய அறையில் என் அம்மா படுத்திருந்தார். நெஞ்சுச் சளி. இரவெல்லாம் இருமிவிட்டு விடியும்போதுதான் கண்ணயர்வார். அந்த அறையின் ஜன்னலுக்கு நேராக லாரியின் புகைக்குழாய். அக்கா தள்ளச் சொல்வதற்கு முன் அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தார். வெளிச்சத்தைச் சாக்காகச் சொன்னார்.

என் லாரி சின்ன லாரி, பழசு. பால் சேகரிக்கும் கூடத்திலிருந்து தினமும் விடியற்காலையில் கேன்களை ஏற்றிக்கொண்டு போவது என் பிழைப்பு. குளிர் ஆரம்பித்ததும் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. ஸ்டார்ட் ஆகும், நடுங்கும், வெள்ளைப் புகையைக் கக்கும், நின்றுவிடும். காலால் ரேஸை அமுக்கியபடி கால்மணி நேரம் உட்கார்ந்தால்தான் வழிக்கு வரும். சூடேறிவிட்டால் மாசுமறுவற்ற பிள்ளை.

மூன்று பட்டறைக்குப் போனேன். ஒருவர் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினார். ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். மூன்றாமவர் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் சென்சாரை மாற்றி, "இனிமே முள் பொய் சொல்லாது" என்றார். முள் பொய் சொல்லவில்லைதான். ஆனால் மறுநாள் விடியற்காலையில் அதே கூத்து.

ஒரே வாரத்தில் நான்கு நாள் தாமதம். பால் கூடத்து மேலாளர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அதிகமாகக் குத்தியது. "மூணு நாள் வேற வண்டியை வச்சு ஓட்டிக்கறேன். திங்கட்கிழமை நேரத்துக்கு வா. அன்னைக்கும் லேட்டுன்னா அந்த வண்டியையே வச்சுக்குவேன். தப்பா நினைக்காதே." எனக்கு வேறு தொழில் தெரியாது. அன்று மாலை வெகுநேரம் பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது வயரிங் அக்காவின் ஞாபகம் வந்தது. கடவுள் சில சமயம் அப்படித்தான் பதில் சொல்வார்.

அக்காவின் கணவர் பேட்டரிக் கடைக்காரர். வண்டிகளுக்கு வயரிங் வேலையும் செய்தவர். நாற்பது வயதிலேயே அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. சிவப்பு வயரா ஆரஞ்சு வயரா என்று தெரியாமல் தடுமாறியபோது, அக்கா பக்கத்தில் நின்று நிறம் சொல்ல ஆரம்பித்தார். நிறம் சொன்னவர் மெதுவாக வயரையும் பிடித்தார். கடைசியில் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்தது. மின்சாரம் அளக்கும் மீட்டரைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்திருப்பார். எந்த வண்டியானாலும் கருவியை எடுக்குமுன் இடது உள்ளங்கையை எஞ்சின்மேல் கொஞ்ச நேரம் வைப்பார்.

நான் விஷயத்தைச் சொன்னதும், "வண்டியை இங்க கொண்டு வராதே. வழியிலயே சூடாயிடும், அப்புறம் எனக்கு என்னத்தைக் காட்டும்? விடியக்காலைல நான் வர்றேன். அதுவரைக்கும் சாவியைத் தொடாதே" என்றார்.

கடை வாசலில் உட்கார்ந்திருந்த கணவர் சிரித்தார். "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் குளிருதான்னு தொட்டுப் பார்ப்பா. எனக்கு ஒரு போர்வை எடுத்துக் குடுத்ததில்ல."

"உங்களுக்கு எதுக்குப் போர்வை? வாயைத் திறந்தாலே அனல்தானே!" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அக்கா வருமுன் எழுந்து, வண்டியைத் துடைத்து, பத்து நிமிடம் ஓட்டி அணைத்து வைத்தேன். அத்தனை தூரம் நடந்து வருகிறவர் முன்னால் வண்டி என் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்ற நினைப்பு. அக்கா உள்ளங்கையை வைத்தார், எடுத்தார்.

"என்ன தம்பி இது? குளிச்சு, தலை சீவி, பவுடரெல்லாம் போட்டு உட்கார்ந்திருக்கு?"

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. "தப்புதான் அக்கா. அரைமணி நேரத்துல ஆறிடாதா?"

"உள்ள இருக்கற எண்ணெய் ஆற ராத்திரி முழுக்க வேணும். நாளைக்கு வர்றேன். சாவியை மட்டும் உன் வீட்டம்மாகிட்டக் குடுத்துடு." இருந்த மூன்று நாளில் ஒரு நாளை நானே பாழாக்கியிருந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

என் மனைவி சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

சனிக்கிழமை உள்ளங்கையை வைத்ததும் அக்கா முகம் மலர்ந்தது. "இப்பதான் தூங்குது." எஞ்சினை ஓட்டாமல் சாவியைப் பாதி திருப்பச் சொன்னார். கையளவுப் பெட்டி ஒன்றை வண்டியில் செருகினார். அதில் எண்கள் வந்தன.

"ராத்திரியெல்லாம் நின்ன வண்டி. இரும்பு, தண்ணி, எண்ணெய், காத்து எல்லாம் ஒரே குளிர்லதான் இருக்கணும். யாரு மாத்திச் சொல்றாங்களோ அவங்கதான் பொய்யர். காத்து என்ன சொல்லுது, படி."

"பன்னிரண்டு."

"எஞ்சின் எண்ணெய்?"

"எண்பத்து நாலு."

நான் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

அக்கா பொறுமையாக விளக்கினார். மூன்றாம் பட்டறைக்காரர் மாற்றிய சென்சார் முள்ளுக்கு மட்டும்தான். இந்த வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கேட்பதேயில்லை. எண்ணெயில் இருக்கும் இன்னொரு சென்சாரைத்தான் கேட்கும். "அது 'நான் நல்லா சூடா இருக்கேன்'னு சொன்னா, கம்ப்யூட்டர் எதுக்கு ஹீட்டரை நின்னு எரிய விடும்? எதுக்கு ரேஸைத் தானா ஏத்தும்?"

அதன்பிறகு, ஸ்டார்ட் செய்து வண்டி எப்படி நடுங்குகிறது என்று பார்க்கத்தான் அதைத் தெருமுனைக்குத் தள்ளினோம். பார்த்து முடித்ததும் அந்தச் சென்சாரைக் கழற்றி, மீட்டரை மாட்டி, என் மனைவி கொண்டுவந்த குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறையும் வெந்நீரில் ஒருமுறையும் முக்கினார். மீட்டரில் எண் அசையவேயில்லை. "செத்த பிறகும் சாட்சி சொல்லிக்கிட்டிருக்கு" என்றார்.

புதுச் சென்சார் வெளியூரிலிருந்து ஞாயிறு மாலைதான் வந்தது. அக்கா அதை மாட்டிவிட்டு, "சோதிச்சுப் பார்க்கத் திங்கட்கிழமை காலை ஒண்ணுதான் இருக்கு. அன்னைக்கே பரீட்சை, அன்னைக்கே ரிசல்ட்" என்றார்.

திங்கட்கிழமை, கூப்பிடாமலே வந்து நின்றார். மறுபடியும் தெருமுனைவரை தள்ளினோம். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினேன்.

"நல்லா வேண்டிக்க. எனக்கும் சேர்த்து வேண்டிக்க" என்றார் அக்கா. அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

சாவியைத் திருப்பினேன். முன்பெல்லாம் கண்சிமிட்டிவிட்டு அணையும் ஹீட்டர் விளக்கு, இன்று பத்து எண்ணும்வரை நின்றது. ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் பிடித்தது. ஒருமுறை இருமியது. அப்புறம் தானாகவே சத்தத்தை உயர்த்திக்கொண்டு, உயரத்திலேயே நின்றது. என் கால் ரேஸில் இல்லை. கொஞ்ச நேரத்தில், யாரோ தட்டிக் கொடுத்ததுபோல மெல்லத் தணிந்தது.

"கிளம்பு, கிளம்பு. என்னைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதே" என்று கதவைத் தட்டினார் அக்கா. அவர் கண் ஈரமாக இருந்ததற்குப் பழியைப் புகையின்மேல் போட்டார்.

பால் கூடத்து மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னப்பா, பால் கறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டே?" அந்தப் பால் வண்டி ஓட்டம் இன்றுவரை என்னிடமே இருக்கிறது.

மூன்று வருடம் கழித்துக் கணவருக்குப் பார்வை முழுதாகப் போனதும், இருவரும் மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்பினார்கள். நான்தான் என் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்தில் விட்டேன். என் அம்மா இன்னும் அதே ஜன்னலோரம் தூங்குவதை அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டார். கைகூப்பி நின்றேன்.

கணவரின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டுத் தானும் ஏறியவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தினமும் தெருமுனையிலயே ஸ்டார்ட் பண்ணு தம்பி. உங்க வாசல்ல வெளிச்சம் பத்தாது."