செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய தெரு

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்னைச் செங்கல்பட்டில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கோவளத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் அந்தத் தெருவில் அது யாருக்கும் தெரியாது. மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மா, மீன் புழங்குகிறவர்களுக்குக் கீழ்வீட்டை வாடகைக்கு விடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு அத்தை, எக்ஸ்போர்ட் என்று சொல்லிவைத்தாள். உண்மை தெரிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எனக்கும் தினமும் அதே பாடம். கடலிலிருந்து கரைக்கு அனுப்புவதும் எக்ஸ்போர்ட்தானே என்று நானும் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரை உடைந்து, கீழ்வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வேலைக்குப் போன மாமா ரயில் இல்லாமல் சென்னையில் மாட்டிக்கொண்டார். நானும் அத்தையும் மாடிக்கு ஏறினோம். மதியம் மழை விட்டது. தண்ணீர் மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரருக்கு இழுப்பு நோய். மருந்து தீர்ந்துபோய் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு நீல ஃபைபர் போட் திரும்பியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் போட். அதன் முனையில் மஞ்சள் நட்சத்திரம் வரைந்ததே நான்தான். எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, கரண்டு கம்பங்களுக்கு நடுவே மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு வந்தவர் என் அப்பா. வெள்ளத்துக்குப் படகு கேட்டுக் குப்பத்துக்கு ஆள் வந்தபோது முதலில் லாரி ஏறியது எங்களுடையதுதானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அத்தை என் கையை அழுத்தினாள்.

அப்பா படியோரம் போட்டை நிறுத்தி எங்களைப் பார்த்தார். அத்தையின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார்.

"செருப்ப கயட்டிட்டு ஏறும்மா. சோறு போடற எடம் இது."

கடலானாலும் தெருவானாலும் எங்கள் ஆட்களின் போட்டில் செருப்பு ஏறாது. ஏற்கெனவே உள்ளே இருந்த பத்துப் பேரும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் செருப்பை உதறினார். வீட்டுக்காரரை அப்பாவே தூக்கி உள்ளே உட்காரவைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் ஏறுங்கம்மா. பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோங்க."

கூடப்பிறந்தவளிடம், முன்பின் பார்க்காதவர் மாதிரி.

அத்தை உடனே ஏறவில்லை. குனிந்து போட்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குப்பத்தில் நாங்கள் அப்படித்தான் ஏறுவோம். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணே, உன் பொண்ண புடி."

அப்பா என்னை வாங்கி உள்ளே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். வீட்டுக்கார அம்மா அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து அத்தைக்கு இடம் விட்டார்.

நட்சத்திரத்துக்கு மேலே எனக்கு இடம் கிடைத்தது. அடுத்தடுத்த வீடுகளில் ஏறியவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லி அதிகாரம் பண்ணினேன். இது எங்கப்பா போட்டு என்பதையும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் சொன்னேன். அத்தை கையை அழுத்தவில்லை.

அப்பாவோடு மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் யாரோ பாப்பா என்றவரோடு என்ன பேச்சு? கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். மழையில் முகம் சரியாகத் தெரியவில்லை என்றார். மழைதான் அன்றைக்கு மதியமே விட்டிருந்ததே. சரி, போகட்டும் என்று மன்னித்துவிட்டேன்.