நாளை என்னுடையதல்ல

"இங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?" என்று ஏலி என்னிடம் கேட்டார். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. பக்கத்துச் சேரப்பணஞ்சேரியில் பிறந்த எனக்குப் பதில் தெரியவில்லை. டொராண்டோவில் பத்து வருடமாக வாழ்பவன், சொந்த ஊரின் அந்தியைப் போனில் தேடிச் சொன்னேன்.

ஏலி எங்கள் டொராண்டோ கம்பெனியின் மூத்த பொறியாளர், யூதர். வெல்டிங்கில் குறை இருந்தால் பிடிக்கும் கேமராவைப் பொருத்த எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார்கள். அதுவோ நல்ல பாகங்களையும் ஒதுக்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை இறுதிச் சோதனை. பொறுப்பு என்னுடையது, தோற்றால் என் வேலை நிலைக்காது. அந்த நிலையில் நான்கு மணிக்கு அவர் மடிக்கணினியை மூடினார். சனி இருட்டும்வரை ஷபாத், ஓய்வுநாள். வேலையும் கிடையாது, போனும் கிடையாது.

லைன் சூப்பர்வைசர் கோமதி என்னிடம் வந்தார். "இன்னா சார், அவரு பாட்டுக்குக் கெளம்பிக்கினு போறாரு? மெஷின் இப்டியே கீது!"

ஏலியிடம் கேட்டேன். "என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். நாளை என்னுடையதல்ல" என்றார். கடவுளை நம்பிக் கவலையை இறக்கிவைப்பதற்கு அவர்கள் மொழியில் 'பிட்டாஹோன்' என்று பெயராம். என் காதில் விழுந்தது வேறு: நாளை உன் தலையில்.

கனடா போவதற்கு முன் இதே சாலையில் வேறோர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஒருநாள் முந்தைய ஷிஃப்ட்காரர், "கடவுள் பாத்துப்பாரு தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் சொல்லாமல் விட்ட பழுது என் ஷிஃப்டில் வெளிப்பட்டது. வேலை போனது எனக்கு. அதிலிருந்து யார் கடவுளை இழுத்தாலும், எதை மறைக்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை, எதைக் குறை என்று ஒதுக்குவது என்று கேமராவுக்குச் சொல்லும் அளவுகளை நானே மாற்றினேன். மதியத்துக்குள் எல்லாப் பாகமும் தேறியது. கோமதி ஓட்டை விழுந்த ஒன்றை வைத்துப் பார்த்தார், அதுவும் தேறியது. பழைய அளவுகளை நான் குறித்து வைத்திருக்கவில்லை.

ஞாயிறு ஏலி வந்ததும், "நேற்று கரண்ட் போய் அளவுகள் அழிந்துவிட்டன" என்றேன்.

கோமதிக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். "கரண்டு போவலயே சார். நீங்கதான மாத்தினீங்க?"

"என்ன சொல்கிறார்?" என்று ஏலி என்னைப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்க்க அங்கே என்னைத் தவிர ஆளில்லை. எதையும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன்.

ஏலி கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். வெள்ளிக்கிழமை கிளம்புமுன் எல்லா அளவுகளையும் அதில் ஏற்றியிருந்தார். பிறகு கோமதி, "கூரை லைட்டு பார்ட்டு மேல பட்டு மின்னுது சார், அதான் பேஜாரு" என்று ஒரு கறுப்புத் துணியை மறைப்பாகக் கட்டினார். நல்லவை தேறின, ஓட்டை விழுந்தது பிடிபட்டது. திங்கட்கிழமை சோதனையிலும் தேறினோம்.

எனக்குள் அரிப்பு அடங்கவில்லை. "கடவுளை நம்பியா பிரதி எடுத்தீர்கள், என்னை நம்பாமலா?" என்று கேட்டேன்.

"இரண்டும்தான்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அவரை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அன்று மாலை சேரப்பணஞ்சேரியில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டேன். நான் பிறந்த வீடு அது. ரசம் ஊற்றிக்கொண்டே அண்ணி கேட்டார்: "தம்பி, வூட்டுக்கு எப்பக் கெளம்புறீங்க?"

டொராண்டோவைத்தான் வீடு என்றார், சாதாரணமாகத்தான் கேட்டார். "நாளைக்கு அண்ணி" என்று நானும் சாதாரணமாகச் சொல்லி, அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.